காலேஜ் இடமும் கிரக பலனும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியான நாள் முதற்கொண்டு, இஞ்சினீயரிங் காலேஜில் இடம் முடிவாகும் நாள் வரையில் நம் நாட்டுக் குடும்பங்களில் உண்டாகின்ற கவலையும் திகிலும் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை சரியாகச் சோறு தின்பதில்லை, தாய் தூங்குவதில்லை, தகப்பனார் கண்டவரையெல்லாம் நிறுத்தி, “இத்தனை மார்க்குக்குக் கிண்டியில் கிடைக்குமா?” என்று கேட்கின்றார். இந்தக் கவலையை நாம் பரிகாசம் செய்ய வரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தும், கல் உடைத்தும், துணி வெளுத்தும் வந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை சர்வகலாசாலையின் வாசற்படியை மிதிக்கப் போகின்றது என்றால், அந்த வீடு கவலைப்படாமல் வேறு எந்த வீடு கவலைப்படும்? நாம் கேட்பதெல்லாம், அந்தக் கவலை கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றது என்பதுதான்.

அது ஜோசியன் வீட்டுத் திண்ணையில் போய்ச் சேருகின்றது. கோவில் உண்டியலில் போய் விழுகின்றது. குரு பார்வை உண்டா, சனி விலகிற்றா என்று கேட்டு, ராகு காலம் கழிந்த பிறகு கம்ப்யூட்டரைத் தொடுவது என்கின்ற அளவில் வந்து நிற்கின்றது. ஒரே காலேஜின் ஒரே இடத்துக்கு ஆயிரம் பேர் ஒரே சாமிக்கு நேர்ந்துகொண்டால், அந்தச் சாமி யாருக்கு அதைக் கொடுக்கும்? ராங்கின்படிதான் கொடுக்கும் என்றால் சாமி எதற்கு? ராங்கை மீறிக் கொடுக்கும் என்றால், காணிக்கை வாங்கிக் கொண்டு காரியம் செய்கின்ற அதற்கும், லஞ்சம் வாங்கும் குமாஸ்தாவுக்கும் என்ன வித்தியாசம்? பக்தர்கள் யோசித்துப் பதில் சொல்லட்டும்.

நிற்க, இந்த இடங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் படிப்புக்குக் கணக்கில் 100, பௌதிகத்தில் 50, ரசாயனத்தில் 50 ஆக 200 மார்க்குக்குக் கணக்கிட்டு ராங்குப் பட்டியல் போடுகின்றார்கள். இரண்டு பேருக்கு மார்க்கு சமமாயிருந்தால் கணக்கு மார்க்கு, பௌதிக மார்க்கு, பிறந்த தேதி முதலானவைகளைப் பார்க்கின்றார்கள். அத்தனையும் சமமாயிருந்தால் மாத்திரமே, கம்ப்யூட்டர் முன்கூட்டியே குருட்டாம்போக்கில் கொடுத்து வைத்த ரேண்டம் எண்ணைப் பார்க்கின்றார்கள். இந்த எண் வெளியானதும், அதைக் கூட்டிப் பார்த்து “ஏழு வருகின்றது, எட்டு வருகின்றது” என்று மகிழ்வதும் துக்கப்படுவதும் எவ்வளவு பரிதாபம்! வேறு வழியில்லாத இடத்தில் சீட்டுக் குலுக்குகின்றோம் என்று சர்க்கார் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டது. அந்தக் குலுக்கலுக்கு அதிர்ஷ்டம் என்றும் தலைவிதி என்றும் பெயர் வைத்தவர்கள் நாமேயல்லாமல் வேறு யார்?

இனி விருப்பப் பட்டியல். 2018க்கு முன் பிள்ளையும் தகப்பனாரும் சென்னைக்கு மூட்டை கட்டிக் கொண்டு வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2018 முதல் எல்லாம் இணையத்தின் வழியாகவே நடக்கின்றது. இதனால் பிரயாணச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் பயம் குறையவில்லை. “பெரிய காலேஜை முதலில் எழுதி அது கிடைக்காவிட்டால், இரண்டாவது எழுதியதும் கைவிட்டுப் போய்விடுமோ?” என்று பயந்து, ஆசைப்பட்டதைக் கீழேயும், ஆசையில்லாததை மேலேயும் எழுதிக் கெட்டவர்கள் பலர். உண்மையில் கம்ப்யூட்டர் செய்கின்ற வேலை மிகவும் எளிது. ராங்கு வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, எது முதலில் காலியாயிருக்கின்றதோ அதை அவருக்குக் கொடுக்கின்றது. ஆகவே, அதிகம் வேண்டியதை முதலில் எழுதுவதால் அடுத்ததற்கு ஒரு நஷ்டமும் இல்லை. போன வருஷத்து மார்க்கைப் பார்த்து இந்த வருஷம் நிச்சயம் என்று நம்புவதும் தப்பு. பரீட்சை எளிதாயிருந்தால் எல்லோருக்குமே மார்க்கு ஏறிவிடும். ஆதலால் மார்க்கை விட ராங்கை ஒப்பிடுவதே புத்திசாலித்தனம். இடம் ஒதுக்கிய பிறகு, குறித்த நாளுக்குள் ஒப்புக்கொள்ளாமல் விட்டால் இடம் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. இதற்கெல்லாம் சர்க்கார் ஏற்படுத்தியுள்ள உதவி மையங்கள் ஊர்தோறும் இருக்கும்போது, ஜோசியனிடம் போவானேன்?

அன்றியும், “பொதுப் போட்டி” என்றால் அது மேல்சாதிக்காரருக்கு ஒதுக்கிய பங்கு என்று நம்மவர்களிலேயே அநேகர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். இதைப் போன்ற அறியாமை வேறில்லை. 100 இடத்தில் பிற்பட்டோருக்கு 30, மிகவும் பிற்பட்டோருக்கு 20, தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1 ஆக 69 போக, மீதியுள்ள 31 எந்தச் சாதியாருக்கும் சொந்தமல்ல. ராங்கு உள்ள எவருக்கும் உரியது. சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பாத்தியதை உண்டு.

இந்த இடத்தில் “தகுதி, திறமை” என்கின்ற கூச்சல் கிளம்பும். அது புதிதல்ல. அந்நாளில் சென்னை மாகாணத்தில் காலேஜ் இடங்கள் 14 என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்–இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி உத்தரவை 1951 ஏப்ரல் 9ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வழக்குகளில் ஒன்று இஞ்சினீயரிங் காலேஜ் இடத்தைப் பற்றியதே. இந்நாட்டு மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதே 1951இல் அரசியல் சட்டமே முதன்முதலாகத் திருத்தப்பட்டது. பிறகு 1984இல் நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்தது. பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பட்டணத்துப் பிள்ளைகளோடு கிராமத்துப் பிள்ளைகள் ஓட முடியவில்லை என்று கண்டு 2006இல் அதை ஒழிக்கச் சட்டம் செய்யப்பட்டு, 2007இல் அமுலுக்கு வந்தது. அதன் பிறகும் சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதிய அளவில் நுழைய முடியாததைக் கண்டே, 2021இல் அவர்களுக்கு 7.5 சதவிகிதம் ஒதுக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? 1951இல் மூடிய கதவும், பின்னால் திறந்த கதவும் கிரகங்களால் மூடித் திறக்கப்பட்டவையல்ல. மனிதன் செய்த சட்டத்தால் மூடிற்று. மனிதன் போராடி மாற்றிய சட்டத்தால் திறந்தது. இன்று பிள்ளைகள் படுகின்ற திகிலுக்கும் காரணம் மேலே இல்லை, இங்கேயே இருக்கின்றது. நல்ல ஆசிரியரும், நல்ல ஆய்வுக்கூடமும், குறைந்த சம்பளமும் உள்ள சர்க்கார் காலேஜ்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதால்தான் எல்லோரும் ஒரே வாசலில் நெருக்குகின்றார்கள். பத்து ஊரில் கிண்டியைப் போன்ற காலேஜ் இருக்குமானால் இந்த நெருக்கடி ஏன்?

சிலர், “எப்படியானாலும் பொறுக்கித்தானே எடுக்க வேண்டும்?” என்று கேட்கலாம். இடம் குறைவாயும் கேட்பவர் அதிகமாயும் இருக்கும் வரை பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறுக்குகின்ற விதி முன்கூட்டியே, எழுதப் படிக்கத் தெரியாத தகப்பனுக்கும் விளங்கும்படி சொல்லப்பட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. பொறுக்கப்படாதவனைப் புத்தியில்லாதவன் என்று ஏசவும் கூடாது. கடைசி இடம் கிடைத்தவனுக்கும், கிடைக்காத அடுத்தவனுக்கும் வித்தியாசம் அரை மார்க்கோ, கால் மார்க்கோ, ஒரு ரேண்டம் எண்ணோதான். அந்தக் கால் மார்க்கில் மூளை குறைந்துவிடுமா?

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் அதன் ஜாதகத்தைத் திட்டாதீர்கள், பிள்ளையையும் திட்டாதீர்கள். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் இஞ்சினீயரிங் இரண்டாம் வருஷத்திலேயே நேரே சேருவதற்கு வழி இருக்கின்றது. வேறு படிப்புகளும் இருக்கின்றன. ஜோசியனுக்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கோவிலைச் சுற்றுகின்ற நேரத்தில் விதிகளை ஒரு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். “ஏன் எங்கள் ஜில்லாவில் இப்படிப்பட்ட காலேஜ் இல்லை?” என்பதைச் சாமியிடம் கேட்காமல், ஓட்டுக் கேட்டு வருகின்றவனிடம் கேளுங்கள். சாமி பதில் சொல்லாது. ஓட்டு வேண்டியவன் பதில் சொல்லியே தீரவேண்டும்.