பள்ளிமடத்துக்கும் வழி காட்டுங்கள்

திருச்சுழிக்கு வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில், 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த வீடு. அந்த வீட்டை ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் ரமணாசிரமம் பராமரிக்கிறது. பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருப்பதால் அது நிலைத்திருக்கிறது.

பக்கத்திலேயே உள்ள பள்ளிமடம் சிவன் கோயிலுக்கு அவ்வளவு பேர் போவதில்லை. கல்வெட்டுகளில் இது சுந்தரபாண்டிய ஈஸ்வரம்; பாண்டிய அரச குடும்பத்தவர் ஒருவரின் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், என்று கருதப்படுகிறது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியனின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இங்கே கிடைத்துள்ளன. விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த கணக்கெல்லாம் அவற்றில் உண்டு. இந்த வறண்ட சீமைக்கு ஆட்டைவிடப் பொருத்தமான கொடை ஏது!

குண்டாற்றின் வழியே கீழே போனால் கமுதியில் சேதுபதிகளின் கோட்டை. பள்ளிமடத்தையும் இந்தக் கோட்டையையும் இணைத்துப் பார்க்க வைப்பது பெருஞ்செலவு அல்ல. கல்வெட்டின் செய்தியை இன்றைய தமிழில் சொல்லும் பலகை, பேருந்து நிறுத்தத்தில் வழிகாட்டி, கழிப்பறை, விவரம் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் போதும். பிரான்சில் 1984 முதல் ஆண்டுதோறும் மரபுக் கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் நாள் நடக்கிறது. விருதுநகர், ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகங்கள் அதைப்போல ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். ஆனால், திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுச் சுவர்மேல் சுண்ணாம்பு அடிப்பதோ, மணலைப் பீய்ச்சுவதோ கூடாது. தொல்லியல் துறை வல்லுநர் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.