அகராதிக்குள் ஒரு சேரி

பெரியகுளம் தென்கரையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் வாரம் ரெண்டு சாயங்காலம், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன். நானும் அந்தப் பரீட்சையை எழுதித்தான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவன். போன மாசம் ஒரு பொண்ணு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ் பகுதி, ஒரே பொருள் தரும் சொற்கள். 'பரையா' என்று ஒரு சொல். கீழே நாலு விடை. சரியான விடை, ஒதுக்கப்பட்டவன்.

"அண்ணே, இது நம்ம பேருதானே?"

ஆமாம்மா என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அப்பா பேரு, தாத்தா பேரு, சர்ட்டிபிகேட்டில் இருக்கிற சாதிப் பேரு, இப்போது ஒரு மார்க்குக்கான கேள்வி.

அடுத்த வாரம் இன்னொரு தம்பி செல்போனில் ஒரு பட்டியலோடு வந்தான். தென் அமெரிக்காவில் வெனிசுலாவுக்கும் டிரினிடாடுக்கும் நடுவே 'பரியா' வளைகுடா. கிரேக்க மொழியில் 'பரேயா' என்றால் நண்பர் கூட்டம். பிலிப்பைன்சில் இலோக்கானோ மொழி பேசுகிறவர்கள் பாகற்காயைப் 'பர்யா' என்கிறார்கள். இந்தியில் 'பராயா' என்றால் அந்நியன். "பாத்தீங்களாண்ணே, உலகம் பூரா நாமதான் இருந்திருக்கோம்!" என்றான். அவன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பேங்க்கில் ஒரே பேரில் நாலு கணக்கு இருக்கும். பேர் ஒன்று என்பதற்காக ஒருத்தர் பணத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது. கையெழுத்தைப் பார்க்கணும், அப்பா பேரைப் பார்க்கணும். சொல்லுக்கும் அப்படித்தான். எந்த ஊரில் பிறந்தது, யார் வாய் வழியாக, எந்தக் காலத்தில் போனது என்று வழியைக் காட்டாமல் ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது. இந்தி 'பராயா'வின் வேர் 'பர', பிறன் என்று பொருள். பரியா என்ற பேரை 1498இல் அங்கே போன கொலம்பஸ், அந்த மண்ணின் மக்கள் சொல்லத்தான் கேட்டான். நமக்கும் அந்தப் பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 1845இல் தொடங்கி இந்தியக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் அந்த வளைகுடாவில்தான் நங்கூரம் போட்டன. பின்னால் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. பேர் போகாத இடத்துக்கும் நம் உடம்பு போயிருக்கிறது. வரலாறு என்று பேச வேண்டியது அதைத்தான்.

சரி, கைடில் இருக்கிற சொல்? அது சந்தேகமில்லாமல் நம் பேர்தான். 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் காதில் விழுந்தது. அவர்கள் எழுத்தில் றகரத்துக்கு இடமில்லை. ரகரமாகிக் கப்பல் ஏறியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கதையாக்கினார்கள், 1821இல் பாரிசில் நாடகமும் போட்டார்கள். 1838இல் ஃப்ளோரா டிரிஸ்டான் என்ற பெண், புருஷனை விட்டுப் பிரிந்ததால் சமூகம் ஒதுக்கிய தன் வாழ்க்கையை எழுதி, தலைப்பிலேயே தன்னைப் 'பரியா' என்று அறிவித்தார். 1922இல் ஹோ சி மின்னும் தோழர்களும் பாரிசில் காலனி நாட்டு மக்களுக்காக நடத்திய பத்திரிகையின் பேரே 'லெ பரியா'. மாக்ஸ் வேபர் யூதர்களை இந்தச் சொல்லால் விளக்கினார். அதே யூதர்களைப் பற்றி 1944இல் ஹன்னா ஆரென்ட் எழுதிய கட்டுரைக்கும் இதுதான் தலைப்பு.

உலகத்தில் ஒதுக்கப்பட்டவன் ஒவ்வொருத்தனும் தன் வலியைச் சொல்ல நம் பேரை இரவல் வாங்கியிருக்கிறான். அதில் ஒரு தோழமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரவல் கொடுத்தவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று திரும்பி வந்து கேட்டவர் எத்தனை பேர்? இன்றைக்கும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் தள்ளிவைத்தால் இங்கிலீஷ் பேப்பர் 'பரையா நாடு' என்று கூசாமல் எழுதுகிறது. சென்னையிலும் டெல்லியிலும் அச்சாகிற பேப்பர்களும்தான். வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, விடுங்கள். இவர்களுக்குமா தெரியாது?

இன்னொன்றையும் கவனிக்கணும். நம் பேர் மட்டும் கப்பல் ஏறவில்லை. 'பிராமின்' என்ற பேரும் ஏறியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பழம்பெரும் பணக்காரக் குடும்பங்களுக்கு 'பாஸ்டன் பிராமின்' என்று பேர். 1860இல் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற எழுத்தாளர் பிரபலப்படுத்தியது. படிப்பு, பரம்பரை, மரியாதை எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கேயிருந்து மாட்டைக் கொண்டுபோய் அங்கே வளர்த்த இனத்துக்குப் பேர் 'பிராமன்'. நம் தெரு நாய்க்குப் பேர் 'பரையா'. மாட்டுக்கும் நாய்க்கும்கூட வர்ணம் பிரித்துவிட்டான்! ரெண்டு சொல்லும் ஒரே மண்ணிலிருந்து போனவை. அங்கே போயும் ஒன்று அக்கிரகாரத்தில் குடியேறியது, ஒன்று சேரியில். ஒதுக்கப்பட்டவனுக்கு அகராதியில் பேர் இருக்கிறது. ஒதுக்கினவனுக்கு அந்தக் குற்றத்தின் பேரில் ஒரு சொல்லும் இல்லை, அவன் மரியாதையாகவே இருக்கிறான்.

இந்தப் பேரை என்ன செய்வது என்ற சண்டை நம் வீட்டிலேயே பழையது. அயோத்திதாசப் பண்டிதரும் ரெட்டமலை சீனிவாசனும் மைத்துனர்கள். பண்டிதர் அந்தப் பேரே வேண்டாம், நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்து காட்டியவர்களையே அவர்கள் 'பறையர்' என்று இழித்தார்கள் என்பது அவர் வாசிப்பு. சீனிவாசன் எதிர்த்திசையில் போனார். 1893இல் தான் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். எதைச் சொல்லி அடிக்கிறாயோ அதையே சொல்லி நிமிர்வேன் என்பது அந்த வழி.

பறைதல் என்றால் பேசுதல்தான். மலையாளத்திலும் யாழ்ப்பாணத்திலும் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. ஆனால் பறை என்ற கருவியிலிருந்து பேர் வந்ததா, பேச்சிலிருந்து வந்ததா என்று தீர்த்துவிட்டால் இழிவு போய்விடுமா? வேர்ச்சொல்லைப் பார்த்தா எவனும் டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தான்? பண்டிதரின் விளக்கத்தில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. என் பேருக்கு அர்த்தம் சொல்லும் உரிமை என்னுடையது என்ற துணிச்சல்.

பேரை மாற்றினால் போதுமா என்பதற்கும் நம் வரலாறே பதில். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. சேரி போய்க் 'காலனி' வந்தது. லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழுகிறவன். அதிலிருந்து வந்த 'கொலோனியா'தான் இந்தக் காலனி. எவ்வளவு பொருத்தமான பேர்! ஆனால் உழுகிறவனுக்கு நிலம் இல்லை. டவுனில் பேங்க் காலனி என்றால் மாடி வீடு. ஊருக்கு வெளியே வெறும் காலனி என்றால் நாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், கடன் மனுவில் முகவரியைப் படிக்கும்போது 'காலனி' என்ற இடம் வந்ததும் அதிகாரியின் பேனா நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரே சொல், ஒரே எழுத்து. எந்த வாசலில் எழுதியிருக்கிறது என்பதில்தான் அர்த்தம்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். வரவேற்கிறேன். கூடவே ஒன்று கேட்கிறேன். 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எங்கே? பேரை எடுக்க ஓர் அறிவிப்பு போதும். நிலத்தைத் திருப்பித் தர என்ன தடை? வாழ்க்கை மாறாத இடத்தில் புதுப் பேரும் பத்து வருஷத்தில் அழுக்காகிப் போகும்.

அதற்காகச் சொல்லை விட்டுவிடவும் முடியாது. மாணவத் தோழர்களே, அந்த மாதிரி கைடு உங்கள் கையிலும் இருக்கும். பதிப்பாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். இது வாழ்கிற ஒரு மக்களின் பேர் என்று பக்கத்தில் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். பேப்பரில் 'பரையா நாடு' என்று வந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். நம் மேடைகளில் ஒலி ஒற்றுமையை வைத்து உலகத்தை ஆண்ட கதை சொல்வதை நிறுத்துவோம். பொய்ப் பெருமை நமக்கு எதற்கு, மெய்யான வழக்கே இவ்வளவு இருக்கும்போது?

அந்தப் பொண்ணு மறுபடியும் கேட்டாள். "பரீட்சைல வந்தா என்னண்ணே எழுத?"

"ஒதுக்கப்பட்டவன்னே குறிச்சிட்டு வா. ஒரு மார்க்கை எதுக்கு விடணும்? வேலைக்கு வந்து உக்காரு. ஒதுக்குனவன் யாருன்னு கேக்குற கேள்வித்தாளை நாம தயாரிப்போம்."