கைக்கிளையின் ஆண்டு

கேம்பிரிட்ஜ் அகராதி 2025ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது ‘பாராசோஷியல்’ என்பதை. நேரில் அறிமுகமில்லாத ஒரு பிரபலத்தோடோ, கதைமாந்தரோடோ, செயற்கை நுண்ணறிவுச் செயலியோடோ ஒருவர் மனத்தளவில் கொள்ளும் ஒருபக்க உறவைக் குறிக்கும் சொல் அது. புதுச்சொல் அன்று, டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அறிஞர்கள் தொலைக்காட்சி நேயர்களைப் பற்றி 1956இல் எழுதிய கட்டுரையிலேயே இடம்பெற்றுவிட்டது.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இத்தகைய சொல்லைக் கண்டதும், இதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டா என்றுதான் முதலில் தேடுவர். உண்டு. தொல்காப்பியம் அதனைக் கைக்கிளை என்கிறது. ஒத்த அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட ஒருதலைக் காமம் அது. மறுமொழி பெறாமலே தானே பேசித் தானே மகிழ்வது அதன் இயல்பு. அதனினும் கூர்மையான செய்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. கைக்கிளைக்குரிய புறத்திணையாகத் தொல்காப்பியர் வகுத்தது பாடாண் திணையை. அதாவது, தலைவனைப் புகழ்ந்து பாடும் திணையை. ஒருதலைக் காதலையும் தலைவன் புகழையும் இணைத்து வைத்த அந்தப் பார்வையோடு, கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டனில் இருந்தபடி கடந்த ஆண்டின் திரை, விளையாட்டு, காதல், வேலைச் செய்திகளைத் திரும்பிப் பார்த்தால், சிதறிக் கிடப்பவை ஒரு வரிசைக்கு வருகின்றன.

முதலில் விளையாட்டு. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பெங்களூரு அணி ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள், ஜூன் 4 அன்று, சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் மாண்டனர். ஐந்து மாதங்கள் கழித்து, அந்த அணியின் உரிமையாளரான டியாஜியோ குழுமம் தன் அணி முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. இரசிகர் ‘நம் அணி’ என்று கூவியதும், பங்குச் சந்தைக்கு எழுதிய கடிதத்தில் ‘சொத்து’ என்று குறிக்கப்பெற்றதும் ஒன்றே. அடுத்து, செப்டம்பர் 27 அன்று கரூரில், திரையிலிருந்து அரசியலுக்கு வந்த விஜய்யின் கூட்டத்தில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. எவர்மீது எவ்வளவு பொறுப்பு என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மணிக்கணக்கில் உணவும் நீரும் இன்றி நின்ற அந்த மக்கள், தங்கள் பெயரை அறியாத ஒருவரைக் காண நின்றார்கள். தம் பெயரை அறிந்து, தம் குறையைக் கேட்டு, தம் கேள்விக்கு விடை கூறும் அமைப்புகள் அவர்கள் வாழும் தெருக்களில் எத்தனை இருந்தன? இக்கேள்வி நம்மையும் நோக்கியதே.

திரைக்கு வருவோம். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ‘கே.ஜி.எஃப்’ படத்தின் இரு பாகங்களும் 2018, 2022ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. இங்குள்ள சயனைடு மண்மேடுகளின்மீதும் படப்பிடிப்பு நடந்தது. அதில் வரும் சுரங்கத்தில் அடிமைகள் இருக்கிறார்கள். அவர்களை மீட்க ஒரு வீரன் வருகிறான். அடிமைகள் அவனைத் தொழுகிறார்கள். தொழிற்சங்கம் மட்டும் இல்லை. பாடாண் திணைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. உண்மையான தங்கவயலின் கதை வேறு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித் மக்களான தொழிலாளர்கள், 1930இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து வெள்ளைக்கார நிர்வாகத்தைத் திகைக்க வைத்தார்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். மீட்பன் எவனும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து நின்றார்கள், அவ்வளவே. 2024இல் வெளிவந்த பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அம்மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தியது என்பதை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும்.

இனி, உறவுகள். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன், வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும், வீட்டில் மனைவியின் முகத்தை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் ஊழியர்களிடம் கேட்டது கடந்த ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. நாடு நகைத்தது. ஆயினும், நகைத்துக் கடந்துபோகத்தக்க பேச்சு அன்று அது. நிறுவனத்தை நேசி, அது உன் குடும்பம் என்று சொல்லும் மூலதனம், உண்மையான குடும்பத்தைப் போட்டியாளராகக் கருதுகிறது என்பதன் ஒப்புதல் வாக்குமூலம் அது. ஜூன் மாதத்தில் கர்நாடக அரசு, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களில் மிகைநேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை முன்மொழிந்தது. நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பன்னிரண்டு மணி நேரம் என்பதன் பொருள் தங்கவயலுக்கு நன்கு தெரியும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், இவ்வூரின் பிழைப்பு இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கிறது. மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் கோரமண்டலிலும் இருள் பிரியுமுன் ஏறுவோர், இருட்டிய பிறகே இறங்குகின்றனர். நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர, இடையே வேலை. இதில் மேலும் இரண்டு மணி நேரத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டால், கணவனும் மனைவியும் விழித்திருக்கும் நிலையில் ஒருவரையொருவர் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே சுப்பிரமணியன் கேட்கிறார்.

ஒத்த அன்புக்கு நேரம் வேண்டும். நேரம் பறிபோன இடத்தில் கைக்கிளை குடிபுகுகிறது. நள்ளிரவில் அறைக்குத் திரும்பும் இளைஞருக்கு எதிரே பேச ஆளில்லை, கைப்பேசி இருக்கிறது. ஆகஸ்டில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் பழைய உரையாடல் செயலியை விலக்கிப் புதியதைக் கொண்டுவந்தபோது, உற்ற தோழரை இழந்ததாகப் பலர் உலகெங்கும் புலம்பினர். நிறுவனம் இரங்கியது, பழையதைக் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. தனிமையை விளைவிப்பதும் அதற்கு மருந்து விற்பதும் ஒரே சந்தைதான்.

ஒருதலை உறவு இவ்வாறு போற்றி வளர்க்கப்படும் நாட்டில், இருவர் ஒத்து நேசித்தால் என்ன நேர்கிறது? ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் 27 வயது தலித் மென்பொருள் ஊழியர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் சரணடைந்தார். உத்தரகாண்டிலோ, திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் அரசிடம் பதிவு செய்யாவிடில் சிறை செல்ல நேரும் என்னும் சட்டம் கடந்த ஜனவரி முதல் செயற்படுகிறது. நடிகரை எத்தனை கோடிப் பேர் நேசித்தாலும் சாதிக்கு இழுக்கில்லை, சொத்துக்குச் சேதமில்லை. ஒரு பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவனை நேசித்தால் இரண்டும் ஆட்டம் காண்கின்றன. ஆகவேதான் கைக்கிளைக்கு அரங்கும், ஐந்திணைக்கு அரிவாளும். ஆணவக் கொலைகளைத் தடுக்க நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2018இலேயே வகுத்துத் தந்தது. தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் எனத் தமிழக அரசு அக்டோபரில் அறிவித்தது. ஆணையம் சட்டத்துக்குப் பதிலாகிவிடாமல், சட்டத்துக்கு வழியாக அமைய வேண்டும்.

ஆண்டின் இறுதிச் செய்தி நம்பிக்கை தருவது. டிசம்பர் 31 அன்று, ஊரெங்கும் கொண்டாட்டத்துக்கு உணவு வரவழைத்துக்கொண்டிருந்த நாளில், செயலிவழி உணவும் பொருளும் கொண்டுசெல்லும் தொழிலாளர்கள் நாட்டின் பல நகரங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களைப் போல் ஒருதலை உறவில் கட்டுண்டவர் எவருமிலர். செயலி அவர்களுக்கு மதிப்பெண் இடும். அவர்கள் செயலிக்கு இட முடியாது. அது கணக்கை முடக்கும். ஏன் என்று கேட்டால் தானியங்கி விடை வரும். அவர்களுக்கென நலநிதிச் சட்டமொன்றைக் கர்நாடகம் கடந்த ஆண்டு நிறைவேற்றியது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்கள் செலுத்த வேண்டும். தொழிலாளர் கேட்காமல் வந்த சட்டமன்று அது. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதையும் இங்கே நினைவில் நிறுத்துவோம்.

கைக்கிளையின் எதிர்ச்சொல் வெறுப்பு அன்று, தோழமை. பேசினால் பதில் வரும், விழுந்தால் கை வரும் உறவு அது. அதற்கும் காதலுக்கும் தேவைப்படும் மூலப்பொருள் ஒன்றே: உழைப்புக்குப் பின் எஞ்சும் நேரம். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தைக் கூலிக் கணக்காக மட்டும் நம் மேடைகளில் பேசி முடித்துவிடலாகாது. மாலையில் வீடு திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் உரிமைக்கான போராட்டம் என்றும் அதனைப் பேச வேண்டும். எத்தனை நேரம்தான் பார்ப்பீர்கள் என்று கேட்டவருக்கு, அதனை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்பதே தொழிலாளி வர்க்கத்தின் விடை.