உங்கட கமெரா யாருடைய வளவைப் பார்க்குது?



நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிற பிள்ளை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை. மஃரிபுக்குச் சற்று முந்தி டியூஷன் முடிந்து ஒழுங்கையால் வரும்போது, கூடப் படிக்கிற பையனிடம் தன்னுடைய கணக்குக் கொப்பியைத் திருப்பி வாங்கியிருக்கிறாள். நின்று கதைத்தது ஒரு நிமிஷம் வராது. அது ஒரு வீட்டுக் கமெராவில் விழுந்திருக்கிறது. யாரோ அதை வெட்டி எடுத்து, "பெற்றோர்களின் கவனத்திற்கு" என்று தலைப்பும் போட்டு வட்ஸ்அப் குரூப்பில் விட்டார்கள். இஷாவுக்கு முன்னே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கொப்பி கைமாறுகிற இடம் அந்த வீடியோவில் இல்லை. அதற்கு முன்னே வெட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கள்ளனுக்குப் பூட்டின கமெரா சேர்" என்றார். இதுவரை எத்தனை கள்ளனைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். பேசவில்லை.

நான் கமெராவுக்கு எதிரி இல்லை. 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொடை என்று பார்த்த பிறகு நம் ஆட்கள் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கமெரா பூட்டியதில் நியாயம் இருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனதும் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டிலும் நாலு கமெரா இருக்கிறது. மகனுடைய சைக்கிள் களவு போன அன்று கடன்பட்டுப் பூட்டினேன்.

பூட்ட வந்த தம்பி மேல்மாடி மூலையில் ஒன்றை வைத்து, "சேர், இது 2.8 எம்எம் லென்ஸ், எல்லாம் விழும்" என்றார். விழுந்தது. என் கேற், மதில், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணற்றடி. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. கேற்றை மட்டும்தான் பார்த்தேன். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு ராத்தா மதிலோரம் இரண்டு கம்பு நட்டு நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டினார். வெயிலுக்கு என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து என் மனைவிதான் சொன்னாள்: "அது வெயிலுக்கு இல்ல, ஒங்கட கமெராக்கு." ராத்தா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேரிடம் எப்படிக் கேட்பது என்ற மரியாதை. சொந்தக் கிணற்றடியில் குளிக்க ஒரு பெண் இரண்டு மாதம் தறப்பாள் கட்டி வாழ்ந்திருக்கிறார், நான் தினமும் ஸலாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன்.

நம் ஊர் வீடுகள் எப்படி இருக்கின்றன என்று யோசியுங்கள். உம்மாவின் வளவைப் பிரித்து மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று வீடு. ஒரு வீட்டு யன்னலைத் திறந்தால் மற்ற வீட்டுக் குசினி. கிடுகு வேலி இருந்த காலத்தில் ஆம்பிளைகள் வளவுக்குள் வர முன்னே இருமிக் காட்டுவார்கள். கமெரா இருமாது. இருட்டிலும் அதற்குக் கண் தெரியும், சிலதுக்குக் காதும் கேட்கும்.

அது பார்ப்பதை நீங்கள் மட்டும் பார்ப்பதாக நினைக்காதீர்கள். கட்டாரில் இருக்கிற மகனுடைய போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அங்கே ரூமில் நாலு பேரோடு இருந்து, இங்கே அடுத்த வீட்டு மாமி முடியை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி எக்கவுண்ட் திறந்தது பூட்ட வந்தவருடைய போனில் என்றால், அவரும் பார்க்கலாம். பாஸ்வேர்டை மாற்றினீர்களா? 2016இல் மிராய் என்ற ஒரு வைரஸ் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. பெரும்பாலும் கமெராக்களும் டிவிஆர்களும்தான். கம்பனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்ட் மாற்றப்படாமல் இருந்தது போதுமாக இருந்தது.

மார்க்கம் பேசுகிறவர்களுக்கு: துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று ஸூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் போக வேண்டாம் என்று ஸூரா நூரின் 27ஆம் வசனம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தால் எட்டிப் பார்த்த சம்பவம் புஹாரியில் இருக்கிறது. அவர்கள் கையில் தலை கோதுகிற சீப்பு இருந்தது. நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் என்பதும் அதே ஹதீஸில் வருகிறது. அந்த மனிதர் உள்ளே கால் வைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பெண்கள் தெருவில் எப்படி வர வேண்டும் என்று ஒவ்வொரு பயானிலும் கேட்கிறோம். அவர்களுடைய வளவுக்குள் நம் கமெரா எப்படிப் போனது என்று ஒரு பயானிலும் நான் கேட்டதில்லை.

"பிழை செய்யாதவர் ஏன் பயப்பட வேணும்?" என்று கொமெண்டில் எழுத வருபவர் முதலில் தன் போனை லொக் எடுத்து எதிர் வீட்டாரிடம் ஒரு நாள் கொடுத்துவிட்டு வரட்டும்.

சட்டமும் சும்மா இல்லை. செக் நாட்டில் ஒருவர், யன்னல் உடைத்தவர்களைப் பிடிக்க வீட்டில் கமெரா பூட்டினார். பாதையும் எதிர் வீட்டு வாசலும் அதில் விழுந்தன. இது வெறும் வீட்டுப் பாவனை அல்ல, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனியாள் வீட்டுத் தேவைக்கு மட்டும்தான் விலக்குத் தருகிறது. ஊர்ப் பிள்ளையின் வீடியோவை குரூப்பில் போடுவது எந்த வீட்டுத் தேவை?

ஆகவே கேட்கிறேன். இன்றைக்கே போனைத் திறந்து உங்கள் கமெராவில் என்ன விழுகிறது என்று பாருங்கள். கேற்றையும் மதிலையும் தாண்டினால் கீழே திருப்புங்கள். திருப்ப முடியாத இடமென்றால் டிவிஆர் மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். பக்கத்து வளவுக்கு மேல் கறுப்புப் பெட்டி போட ஐந்து நிமிஷம் போதும். களவு போனால் வீடியோவைப் பொலிசுக்குக் கொடுங்கள், குரூப்புக்கு அல்ல. பள்ளிவாசல் நிருவாகம் ஜும்ஆவுக்குப் பின் இதை ஒரு அறிவித்தலாகச் சொல்ல வேண்டும். அந்த வீடியோவைப் பரப்பிய குரூப் அட்மின்மார், பிள்ளையின் வாப்பாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஸ்டேட்டஸில் கேட்டால் காணாது.

என் கமெராவைத் திருப்பிவிட்டேன். ராத்தா இன்னும் தறப்பாளைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லும் முகம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் சும்மாதான் இருப்பேன். மெனு விளங்காதவர்கள் கூப்பிடுங்கள். ஏணியும் கொண்டுவருகிறேன்.