கிண்டி கிடைக்காவிட்டால்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். ஆலை வாயிலிலும், பேருந்துப் பணிமனையிலும், தேநீர்க் கடையிலும் நம் தோழர்களின் பேச்சு ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். "பையனுக்குக் கிண்டி கிடைக்குமா? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?" முதல் கேள்விக்கு விடை நம் கையில் இல்லை. மதிப்பெண் போட்டாயிற்று, தரவரிசை எண் தானே வரும். இரண்டாவது கேள்விக்கு விடை முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் நம்மவர்கள் கடைசி நாள் இரவுக்கு ஒத்திப்போடுகிறார்கள்!

பொறியியல் கல்லூரி வாயில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குச் சும்மா திறந்துவிடவில்லை. 1984-இல் கொண்டுவரப்பட்ட நுழைவுத் தேர்வு, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாதவனை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்தது. சட்டம் இயற்றி 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதை ஒழித்தார்கள். இன்று கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு, அந்த ஒரே வரிசையில் ஆலை முதலாளியின் மகனும் ஆலைத் தொழிலாளியின் மகனும் நிற்கிறார்கள். போராடிப் பெற்ற இந்த வரிசையில் நின்றபிறகு, பட்டியல் எழுதத் தெரியாமல் இடத்தைப் பறிகொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

பட்டியல் என்று ஏன் சொல்கிறோம்? 2017 வரை பிள்ளையும் தகப்பனும் கிண்டிக்கே வந்தார்கள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்று கண்ணால் பார்த்தார்கள். நினைத்தது போயிருந்தால் இருப்பதில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, ஆணையை வாங்கிக்கொண்டு இரவு ரயிலேறினார்கள். 2018 முதல் எல்லாம் கணினி வழி. வழிச்செலவு மிச்சம், ஆனால் மிச்சமிருக்கும் இடம் எது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி போயிற்று. முன்கூட்டியே, இருட்டில் கை நீட்டுவதுபோல, "இது இல்லையென்றால் அது, அதுவும் இல்லையென்றால் இது" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதாததைக் கணினி தராது. பட்டியலில் உள்ள எல்லாமே நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். அடுத்த சுற்று வருவதற்குள் நல்ல இடங்கள் கரைந்துபோகும்.

இங்கே ஒரு மூடநம்பிக்கை நம்மவரிடையே பரவியிருக்கிறது. "நமக்கெதற்குக் கிண்டி? அதை முதலில் எழுதினால், கிடைக்கக்கூடிய கல்லூரியும் கைவிட்டுப் போகும்" என்று படித்த பெரியவர் யாராவது சொல்லிவிடுகிறார். அது தவறு, தோழர்களே, முற்றிலும் தவறு! நியாயவிலைக் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடம் எதுவென்று முன்பே முடிவாகிவிட்டது. உங்கள் முறை வரும்போது முதலில் நல்ல அரிசி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இல்லையென்றால் அடுத்ததைக் கேட்கிறீர்கள். நல்லதைக் கேட்டதற்காக உங்களை யாரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளுவதில்லை. கணினியும் அப்படித்தான். தரவரிசைப்படி ஒருவர் முறை வந்ததும் அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் பொதுப் பிரிவில் இடமிருந்தால் அது. இல்லையேல் அவருடைய வகுப்புப் பிரிவில். முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே ஆசைப்படுவதை அச்சமின்றி மேலே எழுதலாம். அதற்குக் காசும் இல்லை, தண்டனையும் இல்லை.

ஆனால் மேலே மட்டும் எழுதிவிட்டு நிற்பதுதான் ஆபத்து. கிண்டி, குரோம்பேட்டை, கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று ஊரறிந்த பத்துப் பெயரை எழுதி முடித்துவிட்டு, "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். பட்டியலின் உச்சி ஆசைக்கு உரியது. நடுப்பகுதி, சென்ற ஆண்டு நம் எண்ணை ஒட்டியவர்களுக்குக் கிடைத்த கல்லூரிகளுக்கு உரியது. அடிப்பகுதி, எந்த நிலையிலும் கைவிடாத கல்லூரிகளுக்கு உரியது. அந்த அடிப்பகுதிதான் உழைப்பாளி வீட்டுக்கு உயிர்நாடி. சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். ஓராண்டில் 180 எடுத்தவன் நின்ற இடம் வேறு, மறு ஆண்டில் 180 நிற்கும் இடம் வேறு. தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். வகுப்புத் தரவரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒதுக்கீடு வந்தபிறகும் வேலை முடியவில்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளது காலியானால் அங்கே மாறச் சம்மதம் தெரிவிக்கும் வழி உண்டு. மேலே உள்ளது வந்தால் கீழே உள்ளது போய்விடும். அதனால்தான், உண்மையில் விரும்பாத கல்லூரியைப் பெயருக்காக மேலே எழுதாதீர்கள் என்கிறோம். இன்னொன்று: குறித்த அவகாசத்துக்குள் பதில் சொல்லாதவன் இடம் பறிபோகும். இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்து பார்க்கலாம் என்றிருந்து இழந்தவர்கள் உண்டு.

வசதி படைத்தவனுக்கு இந்தக் கவலையெல்லாம் ஏது? தேர்வு முடிவு வருமுன்பே நிகர்நிலைப் பல்கலைக் கழகத்தில் ஒரு முன்பணம், நிர்வாக ஒதுக்கீட்டில் இன்னொரு முன்பணம். கிண்டி கிடைத்தால் அவை போகட்டும் என்பான். அதைப் பார்த்து நம் தோழரும் வைப்புநிதியில் கடன் எடுத்து, மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, தரகன் கையில் கொடுத்துவிடுகிறார். அச்சத்தை விலை கொடுத்து ஆற்றிக்கொள்வதாக எண்ணம்! அவர் எதை இழக்கிறார் தெரியுமா? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியே சேர்ந்தவருக்குத்தான். 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியேதான். உரிமையை விட்டுவிட்டுக் கடனை வாங்குவது எந்த ஊர்க் கணக்கு?

முன்பே சேர்த்துவிட்டவர்களும் மனம் தளரவேண்டாம். வகுப்பு தொடங்குமுன் விலகும் மாணவனிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக்கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக் கழக மானியக் குழுவும் 2018-இலேயே அறிவித்துவிட்டது. "சட்டம் பேசாதே" என்று அலுவலகத்தில் அதட்டினால், நாலு தோழர்களாகப் போய்ச் சட்டமே பேசுங்கள்.

அடிப்பகுதிக்கு எந்தக் கல்லூரி? வழவழப்பான விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அண்ணா பல்கலைக் கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது, பாருங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முதல்வர் அறையில் அல்ல, வாயிலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் கேளுங்கள்: பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறாரா, பட்டறைப் பொறி ஓடுகிறதா, பேருந்துக் கட்டணம் எவ்வளவு? கல்விக் கட்டணத்தைக் குழு வரையறுத்திருக்கிறது. ஏப்பம் விடுவது பேருந்தும் விடுதியும்தான். கணினிப் பிரிவு என்ற பெயருக்காக ஆசிரியரே இல்லாத கல்லூரியை, காரைக்குடி அழகப்பா அரசுக் கல்லூரியின் இயந்திரவியலுக்கு மேலே எழுதுகிறவர்களைப் பார்க்கிறோம். நமக்கு அது உடன்பாடில்லை.

பெண்பிள்ளையின் பட்டியலில் மட்டும் உள்ளூர்க் கல்லூரிகள் இரண்டோடு நிறுத்திவிடும் தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். சேலத்திலும் கோவையிலும் நெல்லையிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மகனுக்கு எழுதும் கை மகளுக்கு ஏன் நடுங்குகிறது?

பொறியியலே கிடைக்காவிட்டாலும் உலகம் இருண்டுவிடாது. அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் அதே நாட்களில் விண்ணப்பம் போட்டு வையுங்கள். பாலிடெக்னிக் வழியும் இருக்கிறது; பட்டயம் முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2023-இல் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். முதலில் படித்தது பட்டயப் படிப்பு. பிறகுதான் தனியார் கல்லூரியில் பொறியியல், அதன் பின்னர் திருச்சி, சென்னை என்று மேற்படிப்பு.

ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களிடம் நாம் கேட்பது இது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாற்று இடம் என்றால் அது அரசுக் கல்லூரியாகத்தான் இருக்க முடியும். அங்கே நிலையான ஆசிரியர்களை நியமியுங்கள். தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பை ஓட்டிக்கொண்டு, "இடம் இருக்கிறதே" என்று சொல்வது விடையாகாது.

நம் படிப்பகங்களுக்கு இந்த நாட்களில் வேலை இருக்கிறது. பட்டியல் நிரப்பும் நாட்களில் இரவு பத்து மணி வரை திறந்து வையுங்கள். கணினி தெரிந்த இளைஞர் இருவர் உட்காரட்டும். சென்ற ஆண்டுத் தரவரிசைக் கணக்கை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையின் விருப்பத்தைப் பிள்ளையே சொல்லட்டும். நாம் எழுத உதவினால் போதும். கடவுச்சொல்லைத் தரகரிடமோ, "நாங்களே நிரப்பித் தருகிறோம்" என்று வீடு தேடி வரும் கல்லூரி ஆளிடமோ கொடுக்க விடாதீர்கள். பதிவு செய்யும் கைப்பேசி எண் கணினிக் கடைக்காரருடையதாக இருக்க வேண்டாம். வீட்டில் எந்நேரமும் இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். ஒதுக்கீட்டுச் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.