தீய நட்பு எது?

தீய நட்பை விலக்குங்கள் என்று மறையுரையில் கேட்கிறோம். வீடு திரும்பியதும் பிள்ளைகளிடம், "அந்தத் தெருப் பையன்களோடு சேராதே" என்கிறோம். தீமைக்குத் தெருப் பெயர் எப்போது வந்தது?

சீராக்கின் ஞானநூல், ஆறாம் அதிகாரத்தில், நண்பரைச் சோதித்து ஏற்கச் சொல்கிறது. துன்ப நாளில் உடன் நிற்கிறாரா, ஆண்டவருக்கு அஞ்சுகிறாரா என்பவையே அது தரும் உரைகற்கள். குலத்தை அது கேட்கவில்லை. நாமோ குலத்தை மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு விவேகம் என்று பெயரிட்டிருக்கிறோம். ஆண்டவரையே வரிதண்டுவோரின் நண்பன் என்று ஏசினார்கள்; நம்மை அப்படி ஏச எவருக்கும் வாய்ப்பே தரவில்லை.

நம் புதுவைக் கோவிலுக்குள்ளேயே முன்பு ஒரு சுவர் நின்றது. ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிட்டவர்களை அது சாதியால் பிரித்தது. ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். சாதிக் கிறிஸ்தவர்கள் சினந்தெழுந்ததையும் அவர் விடவில்லை. (நம் ஆன்ம சோதனைக்கு ஓர் இந்துவின் ஏடு வேண்டியிருக்கிறது!)

1761இல் ஆங்கிலேயர் நகரையே இடித்தனர். இன்றைய சம்பாக் கோவில் 1791இல் எழுந்தது. அதில் சுவர் இல்லை. சமாதான வாழ்த்தின்போது அருகிலிருப்பவரை நோக்கிக் கைகூப்புகிறோம். பல ஆண்டுகளாக அதே இருக்கையில் அமர்பவர் அவர். அவர் வீட்டில் ஒருவேளையேனும் உணவருந்தியதுண்டா நாம்?