பாலீஷ் கடைசியில போடுங்க

செமஸ்டர் முடிஞ்சு கரூருக்கு வந்து பத்து நாளாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி எழுதினேன்னு தயவுசெஞ்சு யாரும் கேட்காதீங்க. :-) இந்தப் பத்து நாளும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பார்த்துக்கிட்டு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அமெரிக்காக்காரங்க பழைய அலுமினிய டிரெய்லரைப் பிரிச்சு மேய்ஞ்சு திரும்பக் கட்டுற வீடியோ. பார்க்கப் பார்க்க ஒரு கருத்து மனசுக்குள்ள கிடந்து குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இங்க கொட்டிடுறேன்.

மொதல்ல அது என்ன வண்டின்னு சொல்லிடுறேன். கேரவன்னா நம்மாளுங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ந்துக்கிற வண்டி ஞாபகம் வரும். இது அதோட தாத்தா. எஞ்சின் கிடையாது, கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகணும். உள்ள கட்டில், அடுப்பு, சிங்க், கக்கூஸ் எல்லாம் இருக்கும். இந்த வகையில ராஜான்னா ஏர்ஸ்ட்ரீம்தான். பளபளன்னு, முட்டை மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்சு, உடம்பு பூரா வரிசையா ரிவிட். இங்கிலீஷ் படம் பார்க்கிறவங்க ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க, பேர் தெரிஞ்சிருக்காது. ("ரிவிட் அடிக்கிறது"ன்னா நம்ம பசங்க மத்தியில என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். இது நிஜ ரிவிட்.)

வாலி பையம்னு ஒருத்தர், பத்திரிகை நடத்தினவர், 1930கள் ஆரம்பத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல டிரெய்லர் கட்டி விக்க ஆரம்பிச்சார். ஆனா அந்த ரிவிட் அடிச்ச அலுமினிய உடம்பு அவரோட சொந்த யோசனை இல்லை. ஹாலி பவுலஸ்னு ஒரு கிளைடர் விமானம் கட்டுறவர் இருந்தார். 1927ல லிண்ட்பர்க் தனியா அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்தைக் கட்டின பட்டறையில மேற்பார்வை பார்த்தவர். அவர்தான் 1934ல, விமானம் கட்டுற முறையிலேயே அலுமினியத் தகட்டை ரிவிட் அடிச்சு ஒரு டிரெய்லர் பண்ணினார். அவர் கம்பெனி நொடிச்சுப் போனப்ப பையம் சரக்கை வாங்கி, மூக்குப் பக்கம் இருந்த கதவைப் பக்கவாட்டுக்கு மாத்தி, 1936ல கிளிப்பர்னு பேர் வச்சு 1,200 டாலருக்கு வித்தார். 1952ல ஒஹையோ மாநிலத்துல ஜாக்சன் சென்டர்ங்கிற ஊர்ல ஃபேக்டரி வந்துச்சு, இன்னைக்கும் அங்கதான் கட்டுறாங்க. 1969ல நிலாவுல இருந்து திரும்பின அப்பல்லோ 11 ஆளுங்களை, ஏதாவது நிலாக் கிருமி ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோன்னு பயந்து நாசா அடைச்சு வச்சதும் மாத்திக் கட்டின ஒரு ஏர்ஸ்ட்ரீம்லதான். அப்பல்லோ 12க்கு உபயோகிச்சது பின்னாடி அலபாமாவுல ஒரு மீன் பண்ணையில கேட்பாரில்லாம கிடந்து, 2007லதான் கண்டுபிடிச்சாங்க. அலுமினியத்துக்கு அப்படி ஒரு ஆயுசு.

சரி, மேட்டருக்கு வருவோம். 1960கள், 70கள்ல செஞ்ச வண்டிகள் அங்க காட்டுலயும் தோட்டத்துலயும் கிடக்கும். ஒருத்தர் வாங்கிட்டு வருவார். வந்த உடனே என்ன பண்ணுவார்? பாலீஷ். ஒரு பாதி மங்கலா, மறு பாதி கண்ணாடி மாதிரி, பார்க்கிறவர் மூஞ்சியே அதுல தெரியும். அப்புறம் உள்ள வெள்ளைப் பெயிண்ட், பழைய தரை மேலேயே மரம் மாதிரி டிசைன் போட்ட வினைல், ரெண்டு தொட்டிச் செடி, சீரியல் பல்பு. முடிஞ்சுது. "முழுசாப் புதுப்பிச்சது"ன்னு விளம்பரம் போட்டு நாலு மடங்கு விலைக்கு வித்துடலாம், இல்லைன்னா ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடலாம்.

என் கட்சி என்னன்னா, இதுக்குப் பேர் புதுப்பிக்கிறது இல்லை. பி.காம் படிக்கிற எல்லாருக்கும் இதோட சரியான பேர் தெரியும். விண்டோ டிரெஸ்ஸிங்.

ஏன் இவ்வளவு காட்டமா சொல்றேன்னா, அந்த வண்டி எப்படி நிக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. அடியில இரும்பு சேஸிஸ். அது மேல பிளைவுட் தரை. அந்தப் பிளைவுட்டோட ஓரத்துல சுத்திலும் ஒரு அலுமினியச் சேனலை வச்சு, போல்ட்டைப் பிளைவுட் வழியா இறக்கி சேஸிஸோட முடுக்கியிருப்பாங்க. அந்தச் சேனல்ல இருந்துதான் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் மேல போகும், அதுக்கு வெளிப்பக்கம் ஒரு தகடு, உள்பக்கம் ஒரு தகடு. அதாவது அந்தப் பளபளப்பான உடம்பு மொத்தமும் இரும்போட சேர்ந்து நிக்கிறது ஒரு மரப்பலகையோட ஓரத்தை நம்பி!

இப்ப ஜன்னல் ஓரத்துலயோ கூரையில இருக்கிற ஓட்டையிலயோ கொஞ்சம் தண்ணி இறங்குதுன்னு வச்சுக்கோங்க. அது உள்ள வந்து சொட்டினா நமக்குத் தெரியும். ஆனா ரெண்டு தகட்டுக்கும் நடுவுலயே இறங்கி, நேரா அந்தப் பிளைவுட் ஓரத்துல போய் நிக்கும். அடியில காத்து போகாத மாதிரி வேற ஒரு அலுமினியத் தகடு மூடியிருக்கும், அதுக்குள்ள கண்ணாடி நார்ப் பஞ்சு தண்ணியைக் குடிச்சுட்டு ஊறிக் கிடக்கும். முப்பது வருஷம், நாப்பது வருஷம். மரம் புட்டு மாதிரி உதிரும். போல்ட் பிடிக்க ஒண்ணும் இருக்காது. 70கள்ல வந்த நீள மாடல்கள்ல இது ரொம்ப மோசம். பம்பர் கிட்ட இருக்கிற இடுக்கு வழியா தண்ணி ஏறும், சக்கரத்துக்குப் பின்னாடி தொங்குற பாரமும் அதிகம். கடைசியில வால் பக்கம் உடம்பு தனி, சேஸிஸ் தனின்னு ஆயிடும்.

இதைக் கண்டுபிடிக்க பைசா செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. பின்னாடி பம்பர்ல ஏறி நின்னு லேசாக் குதிக்கணும். பம்பர் இறங்கி உடம்பு அப்படியே நின்னா, முடிஞ்சது கதை. இந்த நிலையில இருக்கிற வண்டிக்குப் பாலீஷ் போட்டு, ஹைவேயில காருக்குப் பின்னாடி மாட்டி, உள்ள குழந்தை குட்டி துணிமணியோட ஊர் சுத்தப் போற ஒரு குடும்பத்துக்கு விக்கிறாங்கன்னா அதை வேற என்னன்னு சொல்றது?

ஒழுங்கா பண்றவங்க எப்படிப் பண்றாங்கன்னும் சொல்லணும். உள்ள இருக்கிற சாமான் எல்லாம் வெளிய. உள்தகட்டோட ரிவிட்டை ஒண்ணொண்ணா டிரில் போட்டு எடுத்து, தகட்டைக் கழட்டுவாங்க. பஞ்சுக்குள்ள எலிக்கூடு, எலி மூத்திரம் (அது அலுமினியத்தையே அரிச்சுடும், எலிப் புழுக்கையில இருந்து அங்க ஹேண்டா வைரஸ் பயம் வேற, மாஸ்க் இல்லாம கை வைக்க மாட்டாங்க). அப்புறம் உள்ளுக்குள்ள மரச்சட்டம் கொடுத்து முட்டுக் கட்டி, போல்ட் எல்லாம் அறுத்து, முழு உடம்பையும் அப்படியே அந்தரத்துல தூக்கி, சேஸிஸை அடியில இருந்து உருட்டி வெளிய எடுப்பாங்க. துரு சுரண்டி, உளுத்த இடத்துல வெல்டிங் வச்சு, ரப்பர் செத்துப்போன ஆக்ஸிலை மாத்தி, புதுப் பிளைவுட்டோட ஓரத்தை எபாக்ஸியில ஊற வச்சு மூடி, இரும்பும் அலுமினியமும் நேரடியாத் தொட்டுக்காம நடுவுல ஏதாவது கொடுத்து (தொட்டா ஈரத்துல அலுமினியம் அரிக்கும்), மறுபடி உடம்பை இறக்கணும். உள்தகடு மாட்டுறதுக்கு முன்னாடியே மேல இருந்து ஹோஸ்ல தண்ணி அடிச்சு, எங்க ஒழுகுதுன்னு உள்ள டார்ச்சோட ஆள் நிக்கணும். இவ்வளவும் முடிஞ்சு நாலு தகடை மாட்டினதும் ஒண்ணுமே வெளிய தெரியாது. போட்டோ எடுத்தா முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கும்!

இதை நம்ம பாஷையில சொன்னா இரகசிய ஒதுக்கு, சீக்ரெட் ரிசர்வ். பேலன்ஸ் ஷீட்ல காட்டறதைவிட உள்ள பலம் அதிகம். விண்டோ டிரெஸ்ஸிங்குக்கு நேர் எதிர்.

பாலீஷ் விஷயத்துல இன்னொரு கணக்கும் இருக்கு. அந்தக் காலத்துத் தகடு வெறும் அலுமினியம் இல்லை. நடுவுல வலுவான கலப்பு உலோகம், மேல கீழ சுத்த அலுமினியம் ஒரு மெல்லிசான பூச்சு. விமானத்துக்குப் போடுற ஆல்க்ளாட். பேப்பர் கனம்கூட இருக்காது அந்தப் பூச்சு. அதுதான் அரிப்பை வாங்கிக்கிட்டு உள்ள இருக்கிறதைக் காப்பாத்துது. கம்பளி வட்டை வச்சுத் தேய்க்கும்போது கறுப்பா வழியுதே, அதுல அந்தப் பூச்சும் கொஞ்சம் போகுது. எப்பவாவது ஒரு தடவை கவனமாப் பண்ணினா ஒண்ணும் ஆகாது. வருஷா வருஷம் வெறி பிடிச்ச மாதிரி தேய்ச்சா, அது மூலதனத்துல இருந்து டிவிடெண்ட் கொடுக்கிற கதை. ஷேர்ஹோல்டர் சந்தோஷமாத்தான் இருப்பார், கொஞ்ச நாளைக்கு.

"வெளிய தெரியாத வேலைக்கு எவன்பா காசு கொடுப்பான்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வண்டியை வாங்கின விலையைவிட அடிவேலைக்கு அதிகம் ஆகும், போட்ட காசு விக்கும்போது திரும்பாமலும் போகலாம். காசில்லைன்னா செய்யாதீங்க, தப்பே இல்லை. "தரை உளுத்திருக்கு, வால் ஆடுது"ன்னு சொல்லி, உள்ளதை உள்ளபடி, குறைஞ்ச விலைக்கு வித்துடுங்க. வாங்குறவன் கண்ணைத் திறந்துகிட்டு வாங்குவான். உளுத்த தரையில குத்தம் இல்லை. அது மேல வினைல் ஒட்டுறதுலதான் குத்தம்.

இதுக்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. 1962ல என்ன திருகாணி இருந்துச்சோ அதே திருகாணிதான் வேணும்னு வருஷக்கணக்கா தேடுறவங்க. எனக்கு அவங்க மேலயும் பெரிய மரியாதை வரலை. உள்ள கட்டிலை மாத்தட்டும், சோலார் போடட்டும், ஏசி வைக்கட்டும். நீர் கசியாம, தரை உறுதியா இருந்தா மேல என்ன வேணா பண்ணிக்கலாம்.

நிற்க. கரூர்ல இருக்கிற பி.காம் பையனுக்கு அமெரிக்கா டிரெய்லர் மேல ஏன் இவ்வளவு கோபம்னு தோணும். எங்கப்பா இந்த ஊர்ல பஸ் பாடி கட்டுற இடத்துல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். இப்ப சொந்தமா சின்னதா ஒரு டிங்கரிங் பட்டறை. அலுமினியத் தகடும் ரிவிட்டும்தான் எங்க வீட்டுச் சாப்பாடு. ஒரு நாள் நான் பார்த்துக்கிட்டு இருந்த வீடியோவை எட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா சாமி, இவன் வெளிய இருந்து அடிக்கறான், உள்ள கட்டை புடிக்க ஆரு நிக்கறது?"ன்னார். உள்ள அந்தாளோட பொண்டாட்டி இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "ம்ம், அப்பச் சரி"ன்னுட்டு பக்கத்துல உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திரிக்கலை.

2012 ஜூலையில தாம்பரம் பக்கத்துல ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் குழந்தை ஒண்ணு ரோட்டுல விழுந்து இறந்துபோச்சு. ஞாபகம் இருக்கா? நான் அப்ப மூணாங்கிளாஸ், தினமும் வேன்லதான் போவேன். அந்த வருஷமே ஸ்கூல் வண்டிகளுக்குன்னு தமிழ்நாட்டுல தனி விதிமுறை வந்துச்சு. எங்கப்பாவுக்கு வேற ஒரு பழக்கம் வந்துச்சு. எந்த வண்டி வந்தாலும் பெயிண்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கிட்டு சுத்தியலால தரையைத் தட்டிப் பார்ப்பார்.

போன மே மாசம் எஃப்சி காட்டுறதுக்காக ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சு. மஞ்சள் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தாப் போதும்னாங்க. அப்பா தட்டினார். பின் சீட்டுக்கு அடியில சுத்தியல் உள்ள போயிடுச்சு. தரைத் தகடும் அடிச்சட்டமும் மாத்தாம பெயிண்ட் அடிக்க மாட்டேன்னார். அவங்க கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த மாசம் எங்களுக்கு அது பெரிய வேலை. அம்மா ரெண்டு நாள் பேசலை. நானும், உள்ளதைச் சொன்னா, "அடிச்சுக் கொடுத்திருக்கலாம்ல"ன்னுதான் நினைச்சேன். ஜூன்ல அதே வேன் புது மஞ்சள்ல எங்க தெரு வழியாப் போச்சு. தரையை மாத்தினாங்களா, பெயிண்ட் மட்டும்தானான்னு வெளிய இருந்து பார்த்து எப்படிச் சொல்றது?

அந்த டிரெய்லர்க்காரர் நேத்து வந்த பாகத்துல உடம்பை இறக்கிப் புதுச் சேஸிஸ்ல உட்கார வச்சார். ரெண்டு வருஷ வேலையாம். பின்னாடி பம்பர்ல ஏறி நின்னு குதிச்சுக் காட்டினார், மொத்த வண்டியும் சேர்ந்து இறங்கி ஏறிச்சு. அப்பா அந்த இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். தகடு இன்னும் மங்கலாத்தான் இருக்கு. பாலீஷ் அடுத்த வருஷம்தானாம்.